வேர்டில் என் திருத்தங்கள் வேறொருவர் பெயரில் நிற்கின்றன: மாற்ற முடியுமா, மாற்றலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பிரதி திருத்திக் கொடுக்கிறேன். அண்மையில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். அதில் முன்னூறு பக்க நூல் ஒன்றை வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் (ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் பெயரோடு குறித்துக் காட்டும் வசதி) போட்டுத் திருத்தி, நூலாசிரியருக்கு அனுப்பினேன். அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். என் திருத்தங்கள் அத்தனையும் மடிக்கணினியை முன்பு வைத்திருந்தவர் பெயரில் போயிருக்கின்றன. “என் கைப்பிரதியை யாரிடம் கொடுத்தீர்கள்?” என்று கேட்டு மிகவும் வருத்தப்பட்டார். வேர்டின் அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய்ப் பெயரை மாற்றிவிட்டேன். ஆனாலும் பழைய திருத்தங்களில் பெயர் மாறவில்லை. இன்னொரு ஃபைலில் நான் செய்ததும் பதிப்பாசிரியர் செய்ததும் திடீரென்று ‘ஆத்தர்’ என்று ஒரே பெயராகிவிட்டன. மூன்றாவதாக, ஆய்வேடு திருத்தக் கொடுத்த ஒரு மாணவர், “உங்கள் பெயரை எடுத்துவிட்டு எல்லாமே என் பெயரில் வருகிற மாதிரி மாற்றித் தாருங்கள், கைடு பார்ப்பார்” என்கிறார். நான் என்ன செய்ய? – திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

வணக்கம். முதலில் பேராசிரியருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். ஃபைலைச் சரிசெய்து அனுப்பிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். தன் எழுத்தை முன்பின் தெரியாத யாரோ பார்த்துவிட்டார்கள் என்ற நினைப்பு, எழுதியவருக்கு ஒரு நாள் இருந்தாலும் வேதனைதான். “ஐயா, வேறு யாரும் பார்க்கவில்லை. மடிக்கணினியின் பழைய சொந்தக்காரர் பெயர் வேர்டில் தங்கிவிட்டது. திருத்தியது முழுக்க நான்தான்” என்று சொன்னால் புரிந்துகொள்வார். எதுவும் சொல்லாமல் பெயரை மட்டும் மாற்றிய ஃபைலை அனுப்பினால் சந்தேகம் கூடத்தான் செய்யும். நேற்று ஒருவர் பெயர், இன்று இன்னொருவர் பெயர், திருத்தங்கள் மட்டும் அதேதான் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நடந்தது இதுதான். விசைப்பலகைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று வேர்டுக்குத் தெரியாது. ‘யூசர் நேம்’ என்ற பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் ஒட்டிவிடும். கைமாறிய கடையில் பழைய முதலாளி அச்சடித்து வைத்த பில் புத்தகத்திலேயே புது முதலாளி ரசீது கிழித்துக் கொடுத்த கதை இது. நீங்கள் பெயரை மாற்றியது ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஜெனரல்’ என்ற வழியில்தான் இருக்கும். அந்தப் பெட்டிக்குக் கீழே இன்னொரு சிறு கட்டம் உண்டு. ஆஃபீஸில் எந்தக் கணக்கோடு நுழைந்திருந்தாலும் இந்தப் பெயரையே பயன்படுத்து என்று சொல்கிற கட்டம் அது. 2013 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் கணக்கின் பெயரே முந்திக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் டிக் போட்டால்தான் நீங்கள் எழுதிய பெயர் நிற்கும். பெயரை மாற்றிய பிறகும் பழைய பெயரே வருகிறது என்று பலர் தவிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பழைய மடிக்கணினி என்பதால் ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட்’ பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்னவரின் கணக்கு இன்னும் உள்ளே இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. பெயரைத் தமிழிலேயே எழுதலாம், தாராளமாக ஏற்றுக்கொள்ளும். ‘இனிஷியல்ஸ்’ பெட்டியையும் காலியாக விடவோ பழையபடி விடவோ வேண்டாம். புது வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெற்று ஃபைலில் ட்ராக் சேஞ்சஸ் போட்டு ஒரு சொல் அடித்து, அதன்மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரியும். அரை நிமிட வேலைதான்.

சரி, அனுப்பிய ஃபைலுக்கு வருவோம். அமைப்பில் பெயரை மாற்றினால் இனிமேல் செய்யப்போகும் திருத்தங்களுக்குத்தான் அது பொருந்தும். பழையவை ஏன் அசையவில்லை என்பது ஃபைலுக்குள் எட்டிப் பார்த்தால் விளங்கும். வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டியது. ஒரு நகல் எடுத்து, அதன் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் ‘டாக்எக்ஸ்’ என்ற ஒட்டை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில கோப்புறைகளும், எக்ஸ்எம்எல் எனப்படும் குறிகள் நிறைந்த உரை ஃபைல்களும் இருக்கும். நூலின் உரை ஒரு ஃபைலில், அடிக்குறிப்புகள் வேறொன்றில், கமென்ட்கள் இன்னொன்றில். பேராசிரியர் ‘இயற்றினார்’ என்று எழுதியதை நீங்கள் ‘எழுதினார்’ என்று மாற்றியிருந்தால், அங்கே அது ஒரு மாற்றமாக இருக்காது. பழைய சொல்லைச் சுற்றி ‘நீக்கம்’ என்று ஓர் உறை, புதிய சொல்லைச் சுற்றி ‘சேர்ப்பு’ என்று ஓர் உறை, ஒவ்வோர் உறையின் மேலும் ஓர் எண், திருத்தியவர் பெயர், தேதி, நேரம். நேரம்கூட உங்கள் கணினியின் கடிகாரம் சொன்னதுதான். முன்னூறு பக்க நூலில் இப்படி ஆயிரக்கணக்கான உறைகள் இருக்கும். அத்தனையிலும் பழைய பெயர் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

இதை மொத்தமாக மாற்ற வேர்டில் பொத்தான் கிடையாது. மேக்ரோ (வேர்டுக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதத் தெரிந்த நண்பர் இருந்தாலும், திருத்தம் செய்தவர் பெயரை மேக்ரோ படிக்கத்தான் முடியும், மாற்ற முடியாது. அதனால் சுற்றுவழிகள் இரண்டு. எதைச் செய்வதானாலும், பேராசிரியருக்கு அனுப்பிய அந்த ஃபைலை அப்படியே ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

முதல் வழி, ‘ரிவ்யூ’ பட்டையில் இருக்கும் ‘கம்பேர்’. பேராசிரியர் உங்களுக்கு முதலில் அனுப்பிய மூலப்பிரதி மின்னஞ்சலில் இருக்கும். அதை ‘ஒரிஜினல்’ இடத்தில் கொடுங்கள். உங்கள் திருத்தப் பிரதியின் நகலில் எல்லாத் திருத்தங்களையும் அக்செப்ட் செய்து, அதை ‘ரிவைஸ்டு’ இடத்தில் கொடுங்கள். அந்த இடத்துக்குக் கீழேயே ‘லேபிள் சேஞ்சஸ் வித்’ என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே உங்கள் பெயரை எழுதி ஓகே கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் அனைத்தும் உங்கள் பெயரில் புதிய ட்ராக் சேஞ்சஸாக வந்து நிற்கும். ‘மோர்’ என்பதை அழுத்தினால் மாற்றங்களை எழுத்து அளவில் காட்டவா, சொல் அளவில் காட்டவா என்று கேட்கும். சொல் அளவிலேயே விடுங்கள். தமிழில் எழுத்து அளவுக்குப் போனால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகச் சிதறி, படிப்பவருக்குக் கண் வலிக்கும்.

இந்த வழியில் குறையும் உண்டு. திருத்தங்கள் செய்த பழைய தேதிகள் போய், எல்லாமே கம்பேர் செய்த நேரத்துக்கு வந்துவிடும். நீங்கள் ஒரு வாக்கியத்தை எந்த வரிசையில் மாற்றினீர்களோ அப்படியே தெரியாது. வேர்டு தன் கணக்குப்படி பிரித்துக் காட்டும். கமென்ட்களைத் தனியே சரிபார்க்க வேண்டும். இன்னொருவர் செய்த திருத்தம் ஒன்றிரண்டு அந்தப் பிரதியில் கலந்திருந்தால், அதுவும் உங்கள் பெயருக்கு வந்துவிடும். உங்கள் விஷயத்தில் எல்லாம் நீங்களே செய்தது என்பதால் அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது வழியில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். பெயர் மட்டும் மாறும், தேதியும் திருத்தத்தின் வடிவமும் அப்படியே இருக்கும், கமென்ட்களும் சேர்ந்தே மாறும். நகல் ஃபைலை வேர்டில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ போய், ஃபைல் வகையில் ‘வேர்டு எக்ஸ்எம்எல் டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ஜிப்பில் தனித்தனியாக இருந்தவை எல்லாம் இப்போது ஒரே ஃபைலில் வந்துவிடும். வேர்டை மூடிவிட்டு அந்த ஃபைலை நோட்பேடில் திறவுங்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும், பயப்பட வேண்டாம். கன்ட்ரோல்-எஃப் போட்டுப் பழைய பெயரைத் தேடினால், ஆங்கிலத்தில் ‘ஆத்தர்’ என்ற சொல், ஒரு சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் அந்தப் பெயர் என்று ஓர் இடம் கிடைக்கும். ‘ஆத்தர்’ முதல் மூடும் மேற்கோள் வரை உள்ள துண்டை அங்கிருந்தே காப்பி எடுங்கள். கையால் அடித்தால் ஓர் இடைவெளி கூடிப்போனாலும் தேடல் வெறுங்கையோடு திரும்பும். பிறகு கன்ட்ரோல்-ஹெச் போட்டு, அந்தத் துண்டுக்குப் பதிலாக அதே துண்டு, உள்ளே மட்டும் உங்கள் பெயர் என்று மாற்றிடச் சொல்லுங்கள். பெயரை மட்டும் தனியாகத் தேடி மாற்றாதீர்கள். பழைய சொந்தக்காரர் பெயர் முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலில் வருகிற முருகன் எல்லாம் உங்கள் பெயராகிவிடும்.

சேமிக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கணினி பதிந்துவைக்கும் முறை) யுடிஎஃப்-8 ஆகவே இருக்கட்டும். ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு வேர்டில் திறந்து பார்த்து, டாக்எக்ஸாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கமென்ட்களில் பழைய இனிஷியல் தனியாக ஒட்டியிருக்கும். அதையும் இதேபோல் மாற்ற வேண்டும். இன்னொரு விஷயம்: முன்னவர் அலுவலகக் கணக்கோடு வேர்டு உள்நுழைந்திருந்த நிலையில் நீங்கள் திருத்தியிருந்தால், பெயர் மாறிய பிறகும் அவர் மின்னஞ்சல் முகவரி ஃபைலின் உள்ளே தங்கியிருக்கலாம். நோட்பேடிலேயே அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இப்போது ‘ஆத்தர்’ ஃபைல். இது கொஞ்சம் கனமான சிக்கல், முழுத் தீர்வு கைவசம் இல்லாமலும் போகலாம். உங்களிலோ பதிப்பகத்திலோ யாரோ ஒருவர் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ ஓட்டி, தனிப்பட்ட விவரங்களை நீக்கச் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்ததும் ஃபைலுக்குள் ஒரு குறி விழுந்துவிடும்: ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எல்லார் பெயரையும் அழித்து ‘ஆத்தர்’ என்று போடு, தேதி நேரத்தையும் எடுத்துவிடு என்று. அதனால்தான் வேலை செய்யும்போது உங்கள் பெயர் தெரிந்து, சேமித்ததும் காணாமல் போகிறது. ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ பக்கத்துக்குப் போனால், இந்த விவரங்களை ஃபைலில் சேமிக்க அனுமதி என்ற பொருளில் ஒரு இணைப்பு தெரியும். அதை அழுத்தினால் இனிமேல் வருகிற திருத்தங்களில் பெயர் நிற்கும். அங்கே தெரியாவிட்டால் ‘ஆப்ஷன்ஸ்’, ‘டிரஸ்ட் சென்டர்’, ‘பிரைவசி ஆப்ஷன்ஸ்’ வழியே போய், சேமிக்கும்போது தனிப்பட்ட விவரங்களை நீக்கு என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். இது ஃபைலுக்கு ஃபைல் தனி என்பதை மறக்க வேண்டாம்.

அழிந்த பெயர்கள் அந்த ஃபைலிலிருந்து திரும்ப வராது. ஆனால் நீங்களும் பதிப்பாசிரியரும் ஆளுக்கொரு பிரதியில் தனித்தனியாகத் திருத்தி அனுப்பிக்கொண்டவை மின்னஞ்சலில் இருந்தால் மீட்க வழி உண்டு. உங்கள் பிரதியை மூலத்தோடு கம்பேர் செய்து உங்கள் பெயர் போடுங்கள். அவர் பிரதியை அதே மூலத்தோடு கம்பேர் செய்து அவர் பெயர் போடுங்கள். வந்த இரண்டையும் ‘கம்பைன்’ என்பதில் கொடுத்தால், இருவர் திருத்தங்களும் அவரவர் பெயரோடு ஒரே ஃபைலில் சேரும். அவர் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரே பிரதியில் மாறிமாறி வேலை செய்திருந்தால் இது நடக்காது. அப்போது ‘இன்ன தேதி வரையிலான திருத்தங்கள் இருவருடையவை, பெயர் அழிந்துவிட்டது’ என்று முதல் பக்கத்தில் ஒரு கமென்ட் போட்டுவிட்டு மேலே போவதே நேர்மை. நினைவிலிருந்து ‘இது நான், இது அவர்’ என்று பிரிக்க உட்கார வேண்டாம். இன்னொன்று, அந்த ஃபைலை நூலாசிரியருக்கு அனுப்பினால், ‘ஆத்தர்’ என்று பார்த்துவிட்டு இந்தத் திருத்தங்களைத் தாமே செய்ததாக அவர் குழம்பக்கூடும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர் அழிப்பது எப்போதும் தவறு என்றும் இல்லை. யார் மதிப்பிட்டார் என்று தெரியக்கூடாத ஆய்விதழ்களில், மதிப்பீட்டாளருக்கு இந்த வசதிதான் காப்பு.

போனில் பேசும்போது ‘சிவப்பில் இருப்பது நான் செய்தது’ என்று நிறத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். நிறத்தை ஒவ்வொரு கணினியிலும் வேர்டே ஒதுக்குகிறது. உங்களுக்குச் சிவப்பாகத் தெரிவது அவருக்கு நீலமாகத் தெரியலாம். பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

இனி அந்த மாணவர். இதில் என் பதில் திட்டவட்டமானது: மாற்றிக் கொடுக்காதீர்கள்.

பேராசிரியர் ஃபைலில் நீங்கள் செய்யப்போவது, உங்கள் வேலைக்கு உங்கள் பெயரைப் போடுவது. மாணவர் கேட்பது, உங்கள் வேலைக்கு அவர் பெயரைப் போடச் சொல்வது. செய்முறை ஒன்றுதான், முதலாவதில் ஃபைல் உண்மை சொல்கிறது, இரண்டாவதில் பொய் சொல்கிறது. நெறியாளர் அந்த ஃபைலைத் திறந்து, வாக்கியம் வாக்கியமாக மாணவரே உட்கார்ந்து செப்பனிட்டிருக்கிறார் என்று நம்புவார். அந்த நம்பிக்கையை வைத்து அவர் மொழித்திறனை எடைபோடுவார். அந்த மாணவருக்கு நாளைக்கு ஒரு வாய்மொழித் தேர்வு இருக்கிறது. அங்கே நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

திருத்தங்களில் யார் பெயர் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2000 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், வயாக்ஸ் என்ற வலிநிவாரணி பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. இதய ஆபத்து காரணமாக 2004-ல் அந்த மருந்தை, அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. 2005 டிசம்பரில், அந்தக் கட்டுரையைக் குறித்துக் கவலை தெரிவித்து இதழ் ஓர் அறிக்கை வெளியிட்டது. கட்டுரையோடு வந்திருந்த பழைய வட்டை எடுத்துப் பார்த்ததில், இதயப் பாதிப்புகள் தொடர்பான ஒரு பகுதி, கட்டுரை இதழுக்கு வருவதற்கு முன் நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. நீக்கிய இடத்தில் மவுஸை வைத்தால் ‘மெர்க்’ என்ற பெயர் மட்டும்தான் வந்தது என்று இதழின் நிர்வாக ஆசிரியர் பிறகு சொன்னார். நிறுவனத்தின் பெயர் இருந்தது. எந்த மனிதர் என்பதற்கு அங்கே பதில் இல்லை. ஐந்து ஆண்டு கழித்தும் முதல் கேள்வி ‘யார் இதைச் செய்தது?’ என்பதாகத்தான் இருந்தது. ஆய்வேடும் அந்த வகை எழுத்துதான். அதற்கு ஆயுள் நீளம்.

மாணவரை வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டாம். உங்கள் பெயரோடு உள்ள ஃபைலையே அவரிடம் கொடுத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் படித்து அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். அப்படி அவர் ஏற்றுக்கொண்ட பிறகு கிடைக்கும் சுத்தப் பிரதி அவருடையது. அதில் திருத்த உறைகளே இருக்காது. மொழித்திருத்தம் வெளியாளிடம் செய்துகொண்டதை நெறியாளரிடம் சொல்லி, நன்றியுரையிலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மொழியைச் செப்பனிட்டதற்காக எந்த நல்ல நெறியாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மறைத்தது தெரிந்தால்தான் கோபம் வரும்.

ஒரு எச்சரிக்கையையும் அவரிடம் சொல்லுங்கள். ‘நோ மார்க்கப்’ என்று காட்சியை மாற்றினால் திருத்தங்கள் கண்ணுக்கு மறையுமே தவிர ஃபைலைவிட்டுப் போகாது. 2005 அக்டோபரில், லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரிரி கொலை பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை வேர்டு வடிவில் வெளியே வந்தபோது இதுதான் நடந்தது. கடைசி நேரத்தில் நீக்கிய பெயர்கள் ட்ராக் சேஞ்சஸில் அப்படியே இருந்தன, செய்தியாளர்கள் படித்துவிட்டார்கள். அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் செய்தால் மட்டுமே திருத்தம் ஃபைலைவிட்டு நீங்கும்.

மேலே சொன்ன வழிகளைப் படித்ததும் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும்: நோட்பேடு இருந்தால் யாரும் யார் பெயரையும் போட்டுவிடலாமே என்று. ஆமாம், போடலாம். ‘லாக் டிராக்கிங்’ என்று கடவுச்சொல் வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது டிராக்கிங்கை அணைக்காமல் தடுக்க மட்டும்தான். பெயருக்குக் காவல் இல்லை. ஆகவே உங்களுக்குக் காவல், நீங்கள் அனுப்பியதும் உங்களுக்கு வந்ததுமான பிரதிகள்தான். வேலை முடிந்து பணம் வந்த பிறகும் மூலப்பிரதி, திருத்தப் பிரதி இரண்டையும் அழிக்காதீர்கள். அனுப்பிய மின்னஞ்சலையும் வைத்திருங்கள். பின்னாளில் ‘இந்த வரியை நான் எழுதவே இல்லை’ என்று யாராவது சொன்னால், தேதியோடு எடுத்துக் காட்ட அதுதான் கைகொடுக்கும்.

வேர்டுக்குப் பதிலாக லிபர் ஆஃபீஸ் என்ற மென்பொருளில் திருத்துகிறீர்கள் என்றால், ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘யூசர் டேட்டா’ பக்கத்தில் பெயரை நிரப்புங்கள். காலியாக விட்டால் பெயர் தெரியாதவர் செய்ததாகவே பதிவாகும். கூகுள் டாக்ஸில் பெயர் பெட்டியே கிடையாது, எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கின் பெயர்தான். வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணினி என்றால், பிள்ளைகள் பள்ளி வேலைக்குத் திறந்துவைத்த கணக்கில் நீங்கள் உட்கார்ந்து திருத்திவிடாமல், வலது மேல் மூலையில் இருக்கும் படத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.